‘ஆமா’ போடத் தெரிய வேண்டும்

ரிட்டயர் ஆனவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை மூன்றுதான். காலையில் நட, கோயிலுக்குப் போ, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள். நான் நாலாவதாக ஒன்று சொல்வேன்: இம்ப்ரொவ் வகுப்பு. வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. எதிரில் நிற்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அந்த நிமிஷமே நடிக்க வேண்டும். சென்னையில் வார இறுதிகளில் நடத்துகிறார்கள். வருவது பெரும்பாலும் இளவட்டங்கள். ஆனால் இது அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை என்பது என் கட்சி.

இதன் முதல் விதி, சொன்னதை மறுக்கக் கூடாது. “டாக்டர், பல்லு உயிர் போகுது” என்று ஒருவர் வந்து நின்றால் நீங்கள் டாக்டர்தான். “நான் டாக்டர் இல்லையே” என்றீர்களானால் காட்சி அங்கேயே படுத்துவிடும். ஏற்றுக்கொண்டு, அதன்மேல் நம் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் இதை ‘எஸ், அண்ட்’ என்கிறார்கள். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இதென்ன புதிசா? புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவாரே, அதேதான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அன்றைய ஊர் விவகாரத்தை நடுவில் இழுத்துவிடுவதும் எழுதி வைத்த வசனமா என்ன?

இந்த விளையாட்டுகள் நடிகர்களுக்காக மட்டும் பிறந்தவை அல்ல. அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி, சிகாகோவின் ஹல் ஹவுஸில் நேவா பாய்ட் என்பவரிடம் குழு விளையாட்டுகளைக் கற்றவர். 1939 முதல் இரண்டு வருஷம், அரசு வேலைத் திட்டம் ஒன்றில் நாடகப் பொறுப்பு பார்த்தார். வந்தவர்கள் குழந்தைகளும் பிழைக்க வந்த குடியேறிகளும். பாடம் நடத்தினால் ஏறாது என்று விளையாட்டாகவே நாடகம் கற்றுக்கொடுத்தார். 1963-இல் அது புத்தகமாக வந்தது. அவர் மகன் பால் சில்ஸ், 1959-இல் ‘செகண்ட் சிட்டி’ குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர், “அப்படி இல்ல சார்” என்பார். பிள்ளைகள் ஏதாவது ஆரம்பித்தால், “அது சரிப்படாது.” முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் குறிப்பெழுதிய கை அல்லவா! கொஞ்ச நாளில் பிள்ளைகள் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள். வீடு அமைதியாகிவிடும். அதைப் பெரியவர்கள் மரியாதை என்று எடுத்துக்கொள்வதுதான் வேதனை.

நான் போன வகுப்பில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். கணவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டாள். முதல் இரண்டு வாரம் சுவரோரம்தான். மூன்றாம் வாரம் ஒரு பையன் அவர் எதிரில் நின்று, “அம்மா, கடைசி பஸ் போயிடுச்சா?” என்றான். “போனா போகட்டும்பா, நம்ம வீடு பக்கத்துலதான். ரசம் இருக்கு, சாப்பிட்டுட்டுக் காலைல போ” என்றார். பையன் நடிப்பை மறந்து நின்றுவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். தைரியம் என்றால் மைக் பிடித்துப் பேசுவது என்று நினைக்கிறோம். எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் பிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் வருகிற தைரியம் வேறு.

குறையும் உண்டு. பாதி நேரம் ஆங்கிலம். எல்லாவற்றையும் ஜோக்காக்கிவிடுகிற அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. தரையில் உட்காரச் சொன்னால் முழங்கால் கேட்பதில்லை. காது மந்தமானவர்களுக்குச் சிரமம்தான்.

அதனால்தான் தமிழிலேயே, நாற்காலி போட்டு, எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு நடத்தலாம் என்கிறேன். ஆறு பேர் போதும். ஒருவர் கதையில் ஒரு வரி சொல்ல, அடுத்தவர் ‘ஆமா’ போட்டு இன்னொரு வரி சேர்க்க வேண்டியதுதான். சங்கச் செயலாளரிடம் கேட்டேன். “தண்ணி லாரி பிரச்சினை முடியட்டும் சார்” என்றிருக்கிறார்.