கிதியோனின் தோலை எடுத்துவையுங்கள்

தேவ நடத்துதலுக்கு உடனே கீழ்ப்படிவது ஆவிக்குரிய பக்குவமின்மை என்று சென்ற மாத இதழில் ஒரு மூத்த போதகர் எழுதியிருக்கிறார். மூன்று அடையாளங்களாவது கிடைத்த பிறகே அடியெடுத்து வைக்கவேண்டுமாம். அதுவரை காரியத்தை "ஜெபத்தில் வைத்திருப்பதே" விசுவாசமாம். இதற்குச் சாட்சியாகக் கிதியோன், சவுல், நெகேமியா, வேலூர் ஐடா ஸ்கடர் ஆகிய நால்வரை அழைத்து வருகிறார். நால்வரும் அவருக்கு எதிராகவே பேசுகிறார்கள்.

கிதியோனில் தொடங்குவோம். நம் சபைகளில் யார் எதைத் தள்ளிப்போட நினைத்தாலும் முதலில் விரிப்பது அவருடைய ஆட்டுத்தோலைத்தான். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தைப் போதகர் வரிசையாக வாசிக்கட்டும். கர்த்தருடைய தூதன் ஓப்ராவுக்கு வந்து, மீதியானியர் கையிலிருந்து இஸ்ரவேலை மீட்கப் போ என்று சொல்லியாயிற்று. பாறையிலிருந்து அக்கினி எழும்பிக் காணிக்கையைப் பட்சித்தாயிற்று. ஆவியானவர் கிதியோன்மேல் இறங்கி, அவர் எக்காளம் ஊதி, படையும் கூடிவிட்டது. தோல் வருவது அதற்குப் பிறகு. தேவ சித்தம் எதுவென்று அறிய அவர் தோலைப் போடவில்லை. அறிந்த சித்தத்தைச் செய்யப் பயந்து போட்டார். இரண்டாம் முறை கேட்கும்போது கர்த்தருக்குக் கோபம் வந்துவிடக்கூடாதே என்று அவரே கெஞ்சுகிறார். கர்த்தர் பொறுத்துக்கொண்ட ஒரு பலவீனத்தை எடுத்து எல்லா விசுவாசிகளுக்கும் சட்டமாக்குவது எந்த உபதேசம்?

சவுல் கில்காலில் அவசரப்பட்டு ராஜ்யத்தை இழந்தார் என்கிறார். ஏழு நாள் காத்திரு என்பதுதான் சவுலுக்குக் கிடைத்த கட்டளை. அதை மீறினார், இழந்தார். காத்திருக்கச் சொன்ன இடத்தில் காத்திருப்பது கீழ்ப்படிதல். போகச் சொன்ன இடத்தில் காத்திருப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. காதேசில் போகச் சொன்னபோது இஸ்ரவேலர் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை மனம் மாறி மலையேறினார்கள். எண்ணாகமம் 14-இன்படி அன்று கர்த்தர் அவர்களோடு இல்லை. ஓர்மாவரைக்கும் துரத்தப்பட்டார்கள். கட்டுரையில் காதேசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நெகேமியா கிஸ்லேவு முதல் நிசான் வரை சுமார் நான்கு மாதம் ஜெபித்தது உண்மை. ராஜா வாய் திறந்து கேட்ட நொடியில் என்ன நடந்தது? மனதுக்குள் ஒரு ஜெபம், அடுத்த மூச்சில் பதில். எத்தனை நாள் ஆகும், எந்த அதிகாரிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் எங்கிருந்து வரவேண்டும் என்பது வரை கணக்கு தயாராக இருந்தது. எருசலேம் போய்ச் சேர்ந்த மூன்று நாளில் இரவோடு இரவாக அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறார். 52 நாளில் வேலை முடிகிறது. அவருடைய நான்கு மாதம் ஆயத்தம். போதகர் பரிந்துரைக்கும் மாதங்களில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

ஐடா ஸ்கடரை இந்த வரிசையில் சேர்த்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. அவர் "ஏறத்தாழப் பத்து ஆண்டு காத்திருந்தார்" என்கிறது கட்டுரை. மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த பெண் அவர். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் தகப்பனார் மருத்துவர், உடனே வரத் தயார். அந்நிய ஆண் எங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பிப் போனார்கள். மறுநாள் காலை மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வரப்போவதாக அப்போதே பெற்றோரிடம் சொல்லிவிட்டார் ஐடா. நான்காவது கதவுத்தட்டலை அடையாளமாக அவர் கேட்கவில்லை. 1899-இல் கார்னெலில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களில் தகப்பனாரை இழந்தார். அதற்காகக்கூட வேலையை நிறுத்தவில்லை. 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. உடற்கூறு படித்த ஆண்டுகளைக் காத்திருப்பு என்று எழுத எப்படி மனம் வந்தது? அந்த ஆண்டுகளின் ஒவ்வொரு நாளும் கீழ்ப்படிதல்தான்.

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் உணர்ச்சிவசப்பட்டு வேலையை ராஜினாமா செய்து குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிறவர்களைப் போதகர் குறிப்பிடுகிறார். அந்த வேதனை நியாயமானது. நானும் அத்தகைய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஏவுதல் என்று சொல்லிக்கொண்டு வருவதையெல்லாம் வேதத்தோடு ஒப்பிட்டு, பெரியவர்களிடம் கேட்டுச் சோதிக்கத்தான் வேண்டும். சோதனைக்கு ஒரு முடிவும் வேண்டும். பவுலுக்கு ஆசியாவில் தடை, பித்தினியாவிலும் தடை. துரோவாவில் தரிசனம் கண்டதும் தோழர்களோடு கூடி முடிவுசெய்து கப்பல் ஏறிவிட்டார். நடந்துகொண்டே சோதித்தார், தெளிந்ததும் நிற்கவில்லை.

போதகர் அழைக்க மறந்த சாட்சி ஒருவர் உண்டு: செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸ். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் பேசியபோது அவன் நடுங்கினான். சமயம் வாய்க்கும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். பிறகும் பலமுறை கூப்பிட்டான். லஞ்சம் வருமா என்று பார்ப்பதற்காக. அவன் தள்ளிப்போட்ட இரண்டு ஆண்டையும் சிறையில் கழித்தவர் பவுல். தாமதிப்பவன் ஒருவன், விலை கொடுப்பவர் வேறொருவர் என்ற இந்தக் கணக்கு கட்டுரையில் எங்குமே இல்லை.

அது இல்லாததால்தான் கடைசிப் பத்தியில் அப்படியோர் ஆலோசனை. நிச்சயதார்த்தம் முடிந்த வாலிபன் ஒருவன், வரதட்சணை வேண்டாம் என்று சொல்லும்படி உள்ளத்தில் உணர்த்தப்படுகிறான். வீட்டாரின் மனமும் சேர்ந்துவரும் வரை ஆறு மாதம் ஜெபத்தில் காத்திருக்கும்படி போதகர் அவனுக்கு எழுதுகிறார். பிறனுடையதை இச்சிக்கக்கூடாது என்பதற்கு எந்த அடையாளம் பாக்கி இருக்கிறது? அந்த ஆறு மாதத்துக்குள் பெண்ணின் தகப்பன் நிலப் பத்திரத்தை அடகு வைத்திருப்பார். வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். போதகர் அந்தப் பத்தியை அடுத்த இதழிலேயே திரும்பப் பெறவேண்டும்; இன்றைக்கே பெண் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடு என்று அந்த வாலிபனுக்கு எழுதவேண்டும்.