மொய் நோட்டும் தையல் கூலியும்



சென்ற ஆவணியில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் அவள் தையல் கடை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆரி ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய மெரூன் பட்டு. கழுத்து வளைவில் பாதி வரை ஜரிகைச் சங்கிலி ஓடி நின்றிருந்தது. பக்கத்தில் தைத்து முடித்த நாலு பிளவுஸ்கள். எல்லாமே நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு.

"கூலி எவ்வளவு சொன்னே?" என்றேன்.

"எப்படிக்கா கேக்கறது? அவங்களே பாத்துக் குடுப்பாங்க."

கல்யாணம் முடிந்து, ஐந்து பிளவுஸுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாயும் ஒரு தாம்பூலப் பையும் வந்தன. கொடுத்தவர்களுக்கு மனநிறைவு, வாங்கியவளுக்குப் பத்து நாள் தூக்கம் போன கணக்கு. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு அவள் போகவில்லை. விலை பேசினால் உறவு கெட்டுவிடும் என்று பயந்தாள். பேசாமல் விட்டதில்தான் அது கெட்டது.

இருவரும் உட்கார்ந்து சாதாரண லைனிங் பிளவுஸ் ஒன்றுக்குக் கணக்குப் போட்டோம். லைனிங் துணி, நூல், கொக்கி, பைப்பிங் எல்லாம் 110 ரூபாய். வெட்டுவது முதல் கை ஹெம்மிங் வரை நாலு மணி நேரம். வெளியாருக்கு அவள் வாங்குவது 450. மிஞ்சுவது 340, அதாவது மணிக்கு 85 ரூபாய். சொந்தக்காரரிடம் 200 வாங்கினால் மிஞ்சுவது 90 ரூபாய்தான். மணிக்கு 23 ரூபாய்கூடத் தேறாது. கரண்ட் பில்லும் மெஷின் கடனும் இதிலிருந்துதான் போக வேண்டும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கிறது. ஆனால் தவணை தேதி வந்தால், நாத்தனார் வீட்டுக்குத் தைத்தேன் என்று சொல்லித் தள்ளிப்போட முடியாது.

"சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் அம்மாவின் பீரோவில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் அதை எடுத்து, விரலை ஓட்டி, அந்த வீட்டார் நமக்கு எழுதிய தொகையைப் பார்ப்பார். அதற்கு மேல் கொஞ்சம் வைத்துத்தான் கவரை ஒட்டுவார். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்தே நடக்கிறது. சாப்பாடு போட்டு, பேர், ஊர், தொகை எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் கடன் அடைகிறது, தொழில் தொடங்குகிறது. எழுதி வைப்பதால் அங்கே சொந்தம் விட்டுப்போகவில்லை; அந்த நோட்டை நம்பித்தான் அடுத்த விருந்தே நடக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்களும் நம் பெரியவர்கள்தானே!

புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் தோழிகளே, தம்பிகளே, துணியைக் கையில் வாங்கும் முன்பே விலையைச் சொல்லிவிடுங்கள். "அத்தை, லைனிங் பிளவுஸ் 450. உங்களுக்கு 405. பாதி இப்ப குடுத்துடுங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெடி." இவ்வளவுதான். அதையே வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். சலுகை தருவதென்றால் எல்லாச் சொந்தத்துக்கும் ஒரே அளவு தாருங்கள். பெரியம்மாவுக்கு ஒரு விலை, சின்ன மாமிக்கு ஒரு விலை என்றால் அது ஒரே கல்யாணப் பந்தியில் வெளியே வந்துவிடும். பில்லில் முழு விலையைப் போட்டு, கழித்த தொகையைக் கீழே எழுதுங்கள். நீங்கள் விட்டுக்கொடுத்தது அவர்களுக்குத் தெரிய வேண்டும். வளர்த்த பாட்டிக்குச் சும்மா தைத்துத் தர ஆசையா? முழுசாகத் தாருங்கள், சந்தோஷமாகத் தாருங்கள். அரைக் கூலி வாங்கிக்கொண்டு மனசுக்குள் முனகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நியாயம் உங்கள் பக்கமும் உண்டு. குறைத்து வாங்கினோம் என்று தையலில் குறை வைக்காதீர்கள். நம்மவர்கள்தானே என்று தேதியைத் தள்ளாதீர்கள்.

சொந்தக்காரர்களாக இருக்கும் நமக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பிள்ளை கடை வைத்தால் "எவ்வளவும்மா?" என்று நாமே முதலில் கேட்போம். பேரம் பேசாமல் கொடுப்போம். நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்வோம். அவள் கூச்சத்தோடு தயங்கி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை நாம் எடுத்துக்கொண்டால், அதுவே பெரிய சீர்.

போன மாதம் மறுபடி அங்கே போனேன். மெஷினுக்கு மேலே விலைப்பட்டியல் அட்டை ஒன்று தொங்கியது. அதே நாத்தனார் வந்திருந்தார். அட்டையைப் படித்தார், பர்ஸைத் திறந்தார், முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார். பிறகு சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கும் அவரே காபி போட்டு எடுத்து வந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்