மூலம் ஒன்றாக இருக்கட்டும்

நமது சங்கங்களின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து கைபேசிச் செயலிக்கும் இடம் பெயர்ந்து வருகின்றன. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாடெங்கும் இயங்கிவரும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருள் ஒன்றின்கீழ்க் கொண்டுவருவதற்காக 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கு அப்பாலும், நூல் வழங்கல், கூலிக் கணக்கு, விளைபொருள் கொள்முதல் முதலிய காரியங்களுக்காகத் தாமே தனிச் செயலி எழுதுவிக்க முற்படும் சங்கங்கள் உண்டு.

அத்தகைய சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. விலை என்ன? எப்பொழுது முடியும்? எல்லாக் கைபேசிகளிலும் ஓடுமா? இவை கேட்க வேண்டியவையே. ஆனால் இவற்றினும் அடிப்படையான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விடுகிறது. அங்கத்தினர் என்றால் யார், கடன் என்றால் எது, நிலத்தின் பரப்பு எந்த அளவையில் என்பன போன்ற விவரங்கள் இந்தச் செயலியில் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? ஓரிடத்திலா, பல இடங்களிலா? ஓரிடத்தில்தான் இருத்தல் வேண்டும். மற்ற இடங்களுக்கு வேண்டிய நிரலை இயந்திரமே அதிலிருந்து ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். ஒரு செயலி என்பது வெளிப்பார்வைக்கு ஒன்று, உள்ளே பல. விவரங்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் ஒரு பகுதி. கேட்டதற்கு விடை அனுப்பும் வழங்கி மற்றொரு பகுதி. அங்கத்தினரின் கையில் உள்ள ஆண்டிராய்டு கைபேசிக்கு ஒரு நிரல், ஐபோனுக்கு வேறொரு நிரல். இந்த ஒவ்வோரிடத்திலும் ‘அங்கத்தினர்’ என்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும்: எண், பெயர், சேர்ந்த நாள், பங்குத் தொகை என்று. இதைத் தரவு மாதிரி என்பர். நிரலாளர் இதனைக் கையால் எழுதினால், ஒரே செய்தியை நான்கு இடங்களில், நான்கு மொழிகளில் எழுத வேண்டியவராகிறார். வாரிசு நியமனம் என்று புதிதாக ஒரு விவரம் சேர்க்கும்போது மூன்று இடங்களில் சேர்த்து நான்காவதை மறந்தால், அந்த விவரம் வழியிலேயே சத்தமின்றி உதிர்ந்துவிடும். பெரும்பாலும் எச்சரிக்கை ஏதும் வராது.

இதற்கு மாற்று வழி நெடுநாட்களாகவே நடைமுறையில் உள்ளது. விவரங்களின் பெயர், வகை, கட்டாயமா அல்லவா என்பவற்றை எளிய வரிகளாக ஒரு வரையறைக் கோப்பில் எழுதிவிடுவது. அதைப் படித்து, ஒவ்வொரு மொழிக்கும் உரிய நிரலைத் தானாகவே எழுதித் தரும் ஒரு கருவியை இயக்குவது. கூகுள் நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர் இவ்வகையைச் சார்ந்தது. 2011-இல் ஸ்வாக்கர் என்ற பெயரில் வெளிவந்து, இன்று ஓப்பன்ஏபிஐ என்று வழங்கும் முறையும் இதுவே. கோப்பின் தோற்றம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

அங்கத்தினர் எண்: முழு எண், கட்டாயம்
பெயர்: எழுத்து, கட்டாயம்
தலைப்பெழுத்து: எழுத்து, விருப்பம்
சேர்ந்த நாள்: தேதி, கட்டாயம்
பங்குத் தொகை, பைசாவில்: முழு எண், கட்டாயம்
நிலப் பரப்பு, ஏரில்: பதின்ம எண், விருப்பம்

இதைப் படிப்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை.

நெசவாளர்களுக்கு இந்த முறை புதிதன்று. ஜக்கார்டு தறியில் புட்டாவும் கரையும் எங்ஙனம் உருவாகின்றன? முதலில் கட்டம் போட்ட தாளில் உருவத்தை வரைகிறோம். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகிறோம். அட்டை சொல்கிறபடி பாவு இழைகள் எழும்புகின்றன. கட்டத்தாள்தான் வரையறைக் கோப்பு. துளையிடும் இயந்திரம்தான் நிரல் ஆக்கும் கருவி. அட்டைக் கட்டுதான் நிரல். உருவத்தில் ஒரு பிழை கண்டு, தாளைத் திருத்தாமல் ஓர் அட்டையின் துளையை மட்டும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சேலை சரியாக வரும். அட்டைகள் தேய்ந்து புதுக்கட்டு அடிக்கும்போது பழைய பிழை திரும்பவும் வந்து நிற்கும். ஆக்கப்பட்ட நிரலைக் கையால் திருத்துகிறவருக்கும் இதுவே நேரும். கருவியை அடுத்த முறை இயக்கியவுடன் அவருடைய திருத்தம் அழிந்துபோகும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறியின் அட்டைகளைக் கண்டே, இங்கிலாந்தில் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்திற்கும் அட்டைகளைக் கொள்ளத் திட்டமிட்டார் என்பதை எண்ணினால், இந்த ஒப்புமையில் வியப்பில்லை.

விதி ஓரிடத்திலும் நிரல் வேறோரிடத்திலுமாகத் தனித்தனியே வளர்ந்தால் விளையும் தீங்கிற்குப் பெரியதோர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய ஒரு விண்கலத்தை ஏவியது. தரைநிலையத்தில் இருந்த ஒரு நிரல், கலத்தின் சிறு உந்துகைகளைக் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதி, வழிகணிக்கும் நிரலுக்குத் தரும். அந்த எண்கள் நியூட்டன் அளவையில் இருக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டிருந்தது. எழுதிய நிரலோ பிரிட்டிஷ் பவுண்டு அளவையில் தந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சுமார் நாலரை மடங்கு வேறுபாடு. 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் கலம் தன் பாதையினின்று மிகத் தாழ்ந்து சென்று அழிந்தது. விதி இல்லாமல் இந்தக் கேடு வரவில்லை. விதி தாளில் மட்டும் இருந்ததும், நிரல் அதற்குக் கட்டுப்படாமல் நின்றதும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் இல்லாததுமே காரணம்.

நமது சங்கங்களில் விண்கலம் இல்லை; ஆனால் அளவைகள் உண்டு. சிட்டாவில் நிலம் ஹெக்டேரிலும் ஏரிலும் உள்ளது. விவசாயி பேசுவது ஏக்கரும் சென்டும். 0.81 ஹெக்டேர் என்பது அவருடைய இரண்டு ஏக்கர். ‘பரப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டு அளவையைக் குறிக்காமல் விட்டால், ஒரு நிரல் 0.81 என்று அனுப்ப, மற்றொன்று அதை ஏக்கராகக் கொள்ளும். அந்த விவசாயியின் நிலம் எண்பத்தொரு சென்டாகச் சுருங்கும். ஏக்கர் கணக்கில் தரப்படும் பயிர்க்கடனும் அவ்வாறே சுருங்கும். அவர் சங்க வாயிலில் நின்று வாதாடினாலும், ‘செயலி அப்படித்தான் காட்டுகிறது’ என்ற விடையே கிடைக்கும்.

நூலின் கணக்கும் அத்தகையதே. நாற்பதாம் நம்பர் பருத்தி நூல் என்றால், 840 கெஜச் சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்பது பொருள். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். பட்டுக்கும் செயற்கை இழைக்கும் வழங்கும் டெனியரோ 9,000 மீட்டர் இழையின் எடையைக் கிராமில் சொல்வது. எண் ஏற ஏற இழை தடிக்கும். இரண்டையும் ‘நூல் எண்’ என்ற ஒரே பெயரில் அடைத்துவைத்தால், இருப்புக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

பணத்தின் கதை இன்னும் நுட்பமானது. கோப்பில் ‘எண்’ என்று பொதுவாக எழுதினால், கருவி பெரும்பாலும் மிதவைப் புள்ளி எண்ணைத் தேர்ந்துகொள்ளும். கணினி அத்தகைய எண்களை இரண்டின் அடுக்குகளால் குறிப்பதால், பத்தில் ஒரு பங்கைக்கூட அதனால் துல்லியமாக எழுத இயலாது, 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.3-க்கு மேல் ஒரு நுண்ணிய மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஆயிரக்கணக்கான வட்டிக் கணக்குகளில் இது பேரேடு ஒத்துவராத பைசாவாகத் தலைகாட்டும். ‘பைசாவில், முழு எண்’ என்று ஒரே ஒரு வரி எழுதினால், எல்லா இடங்களிலும் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பெயரும் அப்படியே. அயல்நாட்டு மாதிரியைப் படியெடுத்து, முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டையும் கட்டாயமாக்கிய படிவங்களை நாம் அறிவோம். தலைப்பெழுத்தோடு வாழும் நம் அங்கத்தினர் குடும்பப்பெயருக்கு எங்கே போவார்? ஒருவர் தந்தை பெயரை இடுவார்; ஒருவர் புள்ளி வைப்பார்; ஒருவர் தம் பெயரையே இருமுறை எழுதுவார். பிறகு வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு இது ஒவ்வாது.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரோட்டோகால் பஃபர் முறையில் ஒவ்வொரு விவரத்திற்கும் ஓர் எண் உண்டு. ஒரு விவரத்தை நீக்கினால் அதன் எண்ணை வேறொன்றுக்கு மறுபடியும் கொடுக்கலாகாது. ஒதுக்கப்பட்டது என்று குறித்துவைக்க வேண்டும். பழைய கோப்புகளைப் படிக்கும்போது குழப்பம் நேராதிருக்கவே இந்த ஏற்பாடு. காலஞ்சென்ற அங்கத்தினரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுத்தால் பேரேட்டில் நேரும் குழப்பத்தை அறிந்த செயலாளர்களுக்கு இதன் நியாயம் உடனே விளங்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்ப்போம். மூன்று பட்டியல்கள் மட்டுமே உள்ள சிறு செயலிக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்பார் சிலர். அது நியாயமே. ஒரே மொழியில், ஒரே இடத்தில் எழுதப்படும் சிறு நிரலுக்குக் கருவி வேண்டியதில்லை. ஆக்கப்பட்ட நிரல் நீளமாகவும் படிக்கக் கடினமாகவும் இருக்கிறது என்பர் சிலர். அதுவும் மெய்யே, ஆனால் படிக்க வேண்டியது கோப்பைத்தான், ஆக்கப்பட்ட நிரலை அன்று. கருவியை எழுதியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது ஆட்சேபம். ஆகவேதான் பலரும் கையாளும், பொதுவில் திறந்துள்ள முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பு நம்மிடம் இருக்கும்வரை, வேறொரு கருவியைத் தேடிக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறபோது கருவி எதற்கு என்று கேட்போரும் இப்பொழுது உளர். அது எழுதித் தரட்டும். ஆயினும் ஒரே கேள்விக்கு அது இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் எழுதக்கூடும். நிரல் ஆக்கும் கருவியோ, அதே பதிப்பில் இயக்கினால், ஒரே கோப்புக்கு ஒரே நிரலைத்தான் தரும். கணக்கு விஷயத்தில் நமக்கு வேண்டியது இந்த மாறாமையே.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கருவிக்குச் சொந்த அறிவு இல்லை. கோப்பில் பிழை இருந்தால் அந்தப் பிழையை எல்லா இடங்களுக்கும் வெகு விசுவாசமாக எடுத்துச் செல்லும். ஆதலால் கோப்பை எழுதுவது நிரலாளர் ஒருவருடைய பொறுப்பாக விடப்படலாகாது. சங்கத்தின் துணைவிதியை வக்கீல் வரைந்து தரலாம். ஏற்பதும் திருத்துவதும் பேரவையின் உரிமை. வரையறைக் கோப்பும் துணைவிதியைப் போன்றதே. இன்னார் அங்கத்தினர், இன்னார் இணை அங்கத்தினர், இவ்விவரம் கட்டாயம், இது விருப்பம் என்று அது விதிக்கிறது. அதை இயற்றுகிறவர் யாரோ அவரே சங்கத்தின் நடைமுறையை இயற்றுகிறார்.

ஆகவே, செயலி எழுதுவிக்கும் சங்கங்களுக்கு நான்கு யோசனைகளைக் கூற விரும்புகிறேன்.

1. வரையறைக் கோப்பு சங்கத்தின் சொத்து என்பதும், அதன் படி சங்கத்தில் இருக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

2. வேலை தொடங்குமுன் அந்தக் கோப்பைத் தமிழில் அச்சிட்டு நிர்வாகக் குழுவின்முன் வைத்து, வரி வரியாகப் படிக்க வேண்டும். நிலமுள்ளவர் ஒருவரும், தறியில் அமர்பவர் ஒருவரும் உடனிருப்பது நலம். அளவையின் பெயர் இல்லாத எண் எதுவும் அதில் இருக்கலாகாது.

3. திருத்தம் எதுவாயினும் முதலில் கோப்பில்தான் செய்யப்பட வேண்டும். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதைக் காத்துவைக்கும் கிட் போன்ற கருவியில் அது இருக்க வேண்டும்.

4. ஆக்கப்பட்ட நிரலில் கைத்திருத்தம் கூடாது. இருக்கிறதா என்று அறிவது எளிது: கருவியின் அதே பதிப்பை மறுபடி இயக்கிப் பார்த்தால், இருக்கும் நிரலும் புதிதாக வரும் நிரலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். தணிக்கையின்போது இந்தச் சோதனையைச் செய்து காட்டும்படி கேட்கலாம்.

பேரேட்டில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால் அடித்தல் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கும். ஆய்வுக்கு வருபவர் காரணம் கேட்பார். நிரலுக்குள் ஒளிந்துள்ள திருத்தத்தை இரண்டு ஏக்கர் நிலக்காரரும் ஒரு தறிக்காரரும் எங்ஙனம் காண்பார்கள்? அவர்கள் படித்துப் பார்க்கக்கூடிய ஒரே இடம் வரையறைக் கோப்புதான். அதை அவர்கள் கையில் கொடுப்பது சங்கத்தின் கடமை. செயலிக்கு விலைப்புள்ளி கோரியிருக்கும் சங்கங்கள், பணம் கொடுப்பதற்கு முன்பாகவே, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதனை ஓர் இனமாகச் சேர்த்துக்கொள்வார்களாக.