1729-க்கு ஒரு வருடம் விடுப்பு

இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 வந்தது, கணித நாள் விழாக்களும் வந்தன. இந்த வாரம் நான் கேட்ட அத்தனை பேச்சிலும் அதே கதை: ஆஸ்பத்திரியில் இராமானுஜன், பார்க்க வந்த கணிதவியலாளர் ஹார்டி, அவர் வந்த டாக்ஸியின் எண் 1729. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. 1729 அருமையான எண்தான். ஆனால் அந்தக் கதையில் இராமானுஜன் உழைப்பதே இல்லை. எண்ணின் சிறப்பை அவர் சொல்கிறார், நாம் வியக்கிறோம், முடிந்தது.

உழைத்த இராமானுஜனைப் பார்க்க, 1915-இல் லண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட அவருடைய நீண்ட கட்டுரைக்குப் போக வேண்டும். போர்க்காலப் பணமுடையில் கழகம் அதன் பிற்பகுதியை அச்சிடவில்லை. அது 1997-இல்தான் வெளிவந்தது. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை ஆராயும் கட்டுரை அது. 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அடுத்து 24, 36, 48, 60 என்று வரிசை நீளும். கணினி இல்லாத காலத்தில் அப்படி 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6,74,632 கோடியைத் தாண்டுகிறது. அதற்கு 10,080 வகுத்திகள்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது: 293318625600. விழாக்களை விட்டுவிட்டு இந்த வாரம் அதோடுதான் இருந்தேன்.

உடைத்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 தலா ஒரு முறை. பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறுவதே இல்லை. ஏறினால் இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் வகுத்திகள் கொண்ட சிறிய எண்ணைச் செய்துவிடலாம். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வரும்: 7×5×3×3×2×2×2×2 = 5040.

5040-உம் இந்த வரிசையைச் சேர்ந்ததுதான். நிறைய எண்களால் மீதியின்றி வகுபடும் என்பதற்காகவே பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் தன் நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வைத்தார். அதற்கு 60 வகுத்திகள். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. எல்லாமே அதே வரிசையின் எண்கள்! இன்னொன்று: விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது 6746328388800. அதுதான் இராமானுஜனின் பட்டியலில் கடைசி எண்.

கையால் கணக்கிட்ட பட்டியலில் ஒன்று விடுபட்டதால் அவர் பெருமை குறையவில்லை. எத்தனை ஆயிரம் பெருக்கல்களுக்கு நடுவே அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் தெரிகிறது.

ஆசிரியர்களே, அடுத்த டிசம்பரில் 1729-ஐ விட்டுவிட்டு, விடுபட்ட அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். பகாக் காரணிப்படுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதை ஒரு வகுப்பு நேரத்துக்குள் உடைத்துவிடும். கதை சொல்வதைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளை வகுக்க விடுங்கள்.