முகம் தெரியாத மகளுக்குப் பொங்கல் சீர்

காணும் பொங்கலன்று உங்கள் வீட்டில் என்ன வழக்கம், சகோதரிகளே? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ போவீர்கள், இல்லையா? நாங்கள் காலையில் வயிறார இட்லி சாப்பிட்டுவிட்டு, குடும்பத்தோடு ரத்த வங்கிக்குப் போவோம். "நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிக்கா?" என்று முகம் சுளிக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

2011-ல் மாட்டுப் பொங்கலன்று என் நாத்தனாருக்குப் பிரசவம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய பிரிவு ரத்தம் அங்கே ஒரே ஒரு பைதான் இருந்தது. "காலேஜ் பசங்க எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போயிட்டாங்கம்மா, முகாமே நடக்கலை" என்றார் நர்ஸ்.

என் கொழுந்தனார் ஓடிப்போய்க் கையை நீட்டினார். எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியுமா? எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோய், மலேரியா என்று எல்லாச் சோதனையும் முடிய வேண்டுமே! அந்தச் சில மணி நேரம் நாங்கள் பட்ட பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். பக்கத்து ஊரில் யாரோ முன்பே கொடுத்து வைத்திருந்த இரண்டு பை ரத்தம் வந்து சேர்ந்துதான் அவள் பிழைத்தாள்.

வீடு திரும்பியதும் மாமியார் பிள்ளைகளைக் கூப்பிட்டார். "யார் பெத்த பிள்ளையோ கொடுத்து வச்சிருக்கு. நீங்க இத்தனை பேரும் கரும்பு கடிச்சிக்கிட்டுத்தானே இருந்தீங்க? பொண்ணுக்குப் பொங்கல் சீர் கொடுக்கற மாதிரி, இதையும் வருஷா வருஷம் கொடுங்கடா!"

மறு வருஷமே கிளம்பிவிட்டோம். நானும் வீறாப்பாகப் போனேன். விரலில் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின் 10.4! 12.5 இருந்தால்தான் எடுப்பார்களாம். "முதல்ல உங்களைக் கவனிங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறவர்கள்தானே நாம்! டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என்று ஒழுங்காகச் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு காபி குடிப்பதை விட்டேன். அடுத்த பொங்கலுக்கு 12.8!

நீங்களும் கிளம்புவதானால் சில விஷயங்கள். 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையாவது இருக்க வேண்டும். எடுப்பது 350 மில்லிதான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். விரதத்தோடு போகக் கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம். கர்ப்பிணிகளும் பிரசவமாகி ஒரு வருஷம் ஆகாதவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பொறுத்திருங்கள். வீட்டு ஆண்களை அனுப்புங்கள். பண்டிகை நாளாயிற்றே, ரத்த வங்கிக்கு முதல் நாளே போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் ஊறுகாய் அல்ல, வருஷக்கணக்கில் ஜாடியில் வைக்க! சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம் தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். அதனால்தான் ஊரே லீவில் இருக்கும் நாளில் தட்டுப்பாடு வருகிறது. நம் குடும்பம் ஒன்றுகூடுவதும் அதே நாளில்தானே?

அன்று பிறந்த பெண், "அத்தை, நான் எப்போ கொடுக்கலாம்?" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிறாள். "2029-ல உனக்குப் பதினெட்டு முடியட்டும்டி கண்ணு, முதல் ஆளா உன்னைத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.