கடலடித் தொழிலாளியும் காற்றறை வாணிகமும்

உயரமுக்க ஒட்சிசன் சிகிச்சையைப் பற்றி இன்று இரு குரல்கள் எழுகின்றன. எந்நோய்க்கும் அது கைகண்ட மருந்தென்பது வாணிகனின் குரல். அதற்குப் போதிய விஞ்ஞானச் சான்றில்லை, அதிற் பணம் முடக்கலாகாது என்பது சிக்கனம் பேசுவோரின் குரல். இரண்டும் பொய். இவ்விரு பொய்களுக்கும் நடுவே அகப்பட்டு நசிபவன், கற்பிட்டிக் கடலிலே சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடும் தொழிலாளி.

அவனுக்கு நேர்வது என்ன? பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் நீரின் அமுக்கம் ஏறுகிறது. முதுகிற் கட்டிய சிலிண்டரின் காற்றை அவ்வமுக்கத்திற் சுவாசிக்கையில், நைதரசன் குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போலக் குமிழிகள் கிளம்புகின்றன. மூட்டுகள் வலிக்கின்றன, முள்ளந்தண்டு தாக்கப்பட்டாற் கால்கள் மரத்து, நடை போய், சிறுநீரும் அடைத்துவிடுகிறது. குடும்பத்தைச் சுமந்தவன் குடும்பத்துக்குச் சுமையாகிறான்.

இந்நோய்க்கு இச்சிகிச்சை தகும் என்பதற்குச் சான்று இல்லையா? 1878இல் பிரெஞ்சு விஞ்ஞானி போல் பேர், நோயின் காரணம் நைதரசன் குமிழியே என்று நிறுவினார். 1889 அளவில், நியூயோர்க்கில் ஹட்சன் நதிக்கடியிற் சுரங்கப்பாதை தோண்டியபோது, அமுக்கக் காற்றில் உழைத்த நாற்பத்தைந்து ஐம்பது பேரில் மாதத்துக்கு ஒருவர் மாண்டனர். பொறியியலாளர் ஏர்னஸ்ட் மொயர், நோயுற்றோரை மீண்டும் அமுக்கத்துக்கு உள்ளாக்கி, மெல்ல மெல்ல விடுவிக்கும் அறையொன்றை அமைத்தார். அதன்பின் 120 தொழிலாளரிடையே பதினைந்து மாதங்களில் இருவரே இறந்தனர். 1960களில் அமெரிக்கக் கடற்படை, 18 மீற்றர் ஆழத்துக்கு ஒப்பான அமுக்கத்தில் தூய ஒட்சிசன் ஊட்டும் முறையை வகுத்தது. ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் நீளும் அம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது.

“நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குச் சிகிச்சையை மறுத்து ஒப்பிட்ட பரிசோதனை எங்கே?” என்று கேட்கிறார்கள். இல்லைதான். கால் மரத்துத் துடிப்பவனை அறைக்கு வெளியே கிடத்திவிட்டுக் கணக்கெழுத எந்த வைத்தியர் துணிவார்? பௌதிக விதியும், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொழிலாளரின் உயிர்க்கணக்கும் சான்றல்லவெனின் வேறெது சான்று?

அக்கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் வேறு. 1928இல் கிளீவ்லாந்து நகரிற் கன்னிங்ஹாம் என்னும் வைத்தியர், நீரிழிவு முதற் புற்றுநோய் வரை தீர்ப்பதாகச் சொல்லி, மாபெரும் உருக்குக் கோளமொன்றையே வைத்தியசாலையாக எழுப்பினார். அமெரிக்க வைத்தியச் சங்கம் சான்று கேட்டது, அவர் காட்டவில்லை. கோளம் பின்னர் பழைய இரும்பாயிற்று. ஆயினும் அந்த வாணிகம் சாகவில்லை. இளமை திரும்பும், ஓட்டிசம் தீரும் என்று இன்றும் காற்றறைகள் விற்பனையாகின்றன. ஓட்டிசத்துக்கு இதனாற் பயனுண்டென்பதற்குச் சான்றில்லை என்று கொக்ரேன் ஆய்வு 2016இல் முடிவு கூறியது. பெற்றோரின் கண்ணீரைக் காசாக்குவோரிடம் கேளாத சான்றை ஏழைச் சுழியோடியிடம் கேட்பது என்ன நியாயம்?

நாடறிந்த அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. கற்பிட்டியிலிருந்து அங்கு செல்ல 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழி. நரம்போ ஒவ்வொரு மணித்தியாலமும் நலிந்துகொண்டிருக்கிறது.

“பேராசையால் ஆழம் போகிறார்கள்” என்று பழிப்போரும் உளர். கரையோரத்துக் கடலட்டை அருகிவிட்டது. ஆகவே ஆழம் அழைக்கிறது. உலர்ந்த அட்டை சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் கப்பலேறுகிறது. அங்குள்ள விருந்து மேசையின் விலையை நிர்ணயித்தவன் அவனா? சிலிண்டரைக் கொடுக்கும் முதலாளி, மேலேறும் அட்டவணையைக் கற்றுக்கொடுத்தாரா?

நாம் கேட்பவை மிகையல்ல. புத்தளம் வைத்தியசாலையில் ஓர் அமுக்க அறையும், அதனை இயக்கப் பயிற்சி பெற்றோரும் வேண்டும். அதுவரை, சுழியோடிகள் கரையேறும் துறைதோறும் முதலுதவிக்குத் தூய ஒட்சிசன் சிலிண்டர் வேண்டும். முதலாளி செலவிற் பயிற்சியும், நோயுற்றவனுக்கு நட்டஈடும் வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! அமுக்கம் ஏறினால் திரவத்திற் கரையும் வாயுவும் ஏறும் என்ற விதியை வகுப்பறையில் ஒப்பிக்கிறோம். அந்த விதி கண்டக்குழியிலும் மாம்புரியிலும் நம் மாணவரின் தந்தையர் உடலில் நாள்தோறும் தொழிற்படுகிறது. அதை அவர்களின் வள்ளத்தடிக்குக் கொண்டுபோய்ச் சொல்வதும், மேற்கண்ட கோரிக்கைகளுக்குக் கையொப்பம் திரட்டுவதும் நம் கடன்.