எழுந்து நிற்பதும் நிற்க வைப்பதும்

நம் சங்கத்தின் குடியரசு நாள் விழாவில் நடந்ததை வந்திருந்த அன்பர்கள் அனைவரும் அறிவர். வராதவர்களும் மறுநாளே தொலைபேசியில் கேள்விப்பட்டிருப்பார்கள். இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து, ஜன கண மன, அமெரிக்க நாட்டுப்பாடல் ஆகிய மூன்றும் வரிசையாகப் பாடப்பட்டன. மூன்றாவது வரிசையில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் மூன்றுக்கும் எழவில்லை. பேசவில்லை, சிரிக்கவில்லை, கைபேசியையும் எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். பிறகு குரல்கள் உயர்ந்தன. அந்தப் பையனின் தாயார் அழுதுகொண்டே வெளியே போனார். அன்றைய விருந்தை யாரும் ருசித்துச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

இப்போது செயற்குழுவில் ஒரு தீர்மானம் தயாராகியிருக்கிறது. பாடல்களுக்கு எழுந்து நிற்க மறுப்பவர் அரங்கை விட்டு வெளியேற்றப்படுவார். அவருடைய குடும்பத்தின் உறுப்பினர் உரிமை ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படும். அடுத்த பொதுக்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. என் கருத்தை எழுதும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். எழுதுகிறேன். நண்பர்கள் சிலருக்குக் கசக்கும்; பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் எழுந்து நிற்பவன். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன இந்த வயதிலும் நிற்கிறேன், வாய்விட்டுப் பாடுகிறேன். ஆகஸ்டு 15 அன்று வீட்டு வாசலில் மூவர்ணக் கொடி வைக்கிறேன். அந்தப் பையன் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதது வேறு, தண்டிப்பது வேறு.

நான் பிறந்து வளர்ந்தது சித்தூர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, இரண்டும் கலந்து கடைத்தெரு. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது எங்கள் மாவட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது. என் தகப்பனார் வீட்டை விட்டு ஓரடி நகராமலே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். ம.பொ.சி. முதலானோரின் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் திரும்பவில்லை. அரசாங்கம் என்பது எவ்வளவு பெரியது, அது ஒரு கோடு போட்டால் நம் முகவரி எப்படி மாறும் என்பதைச் சிறு வயதிலேயே கண்டவர்கள் நாங்கள்.

தேசச் சின்னங்கள் விஷயத்தில் எங்கள் ஆந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1921-இல் பெஜவாடாவில் காந்தியடிகளிடம் கொடியின் வடிவத்தைக் கொடுத்த பிங்கலி வெங்கய்யா மசூலிப்பட்டினம் பக்கத்தவர். வறுமையிலேயே வாழ்ந்து 1963-இல் மறைந்தார். பள்ளிகளில் பிள்ளைகள் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1962-இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தவர். நாட்டுப்பாடலுக்கும் எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்தோடு உறவு உண்டு. 1919 பிப்ரவரியில் மதனப்பள்ளி தியசாபிகல் கல்லூரிக்கு வந்து தங்கியிருந்த இரவீந்திரநாத் தாகூர், அங்கேதான் அந்தப் பாடலை ஆங்கிலத்தில் ஆக்கினார். கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் அம்மையார் ஐரிஷ்காரர், சங்கீதம் அறிந்தவர். அவர் ஸ்வரக் குறிப்பு எழுதி மெட்டைச் செம்மை செய்தார்.

இந்த இருவருக்கும் பின்னால் என்ன நடந்தது என்பதை எங்களுக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. மதனப்பள்ளியிலிருந்து போன மூன்றே மாதத்தில், ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துத் தாகூர் தமது 'சர்' பட்டத்தைத் துறந்து வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். கசின்ஸ் அம்மையாரோ 1932-இல், பேச்சுரிமையைப் பறிக்கும் அவசரச் சட்டங்களை எதிர்த்துக் கூட்டத்தில் பேசியதற்காகக் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தார். சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேர பஸ் தூரம். நாம் எழுந்து நின்று மரியாதை செய்யும் பாடலை ஆக்கியவர் ஒருவர், அதற்கு ஸ்வரம் எழுதியவர் ஒருவர். இருவருமே ஓர் அரசாங்கத்தின் கட்டளைக்குத் தலைவணங்க மறுத்தவர்கள்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். 1966-ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு, வகுப்புத் தலைவன். சீனப் போரும் பாகிஸ்தான் போரும் முடிந்த சமயம், எங்கும் தேசபக்தி கொதித்துக்கொண்டிருந்தது. காலை வழிபாட்டில் எங்கள் வரிசையில் ஒரு பையன் மட்டும் ஜன கண மன பாடும்போது வாயைத் திறப்பதில்லை. ஆடாமல் அசையாமல், கைகளை உடம்போடு ஒட்டி, என்னைவிட நேராக நிற்பான். பாடமாட்டான். நான் உடற்பயிற்சி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். விசாரித்தபோது, "எங்க வீட்ல கடவுளுக்கு மட்டும்தான் சார் பாடுவோம்" என்றான். ஏதோ ஒரு சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். வழிபாட்டு மைதானத்திலேயே பிரம்படி விழுந்தது. மறுநாளும் பாடவில்லை. மறுநாளும் அடி. அடுத்த வாரம் அவன் வரவில்லை. குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவன் பாடவில்லை என்பதை நான் எப்படிக் கண்டேன்? நாட்டுப்பாடல் பாடும்போது நேராகப் பார்க்க வேண்டியவன் நான், பக்கவாட்டில் திரும்பி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கு தவறியவன் நான். அடி வாங்கியவன் அவன்.

இருபது ஆண்டு கழித்து, 1986 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைச் செய்தித்தாளில் படித்தபோது அந்தப் பிரம்பு என் மேல் விழுந்தது போலிருந்தது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டப் பள்ளி ஒன்றில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர். நாட்டுப்பாடலுக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் இதை எழுப்ப, விசாரணைக் குழு போடப்பட்டது. பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், அவமரியாதை ஏதும் செய்யவில்லை என்றே அந்தக் குழு சொல்லியது. அப்படியும் 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியும் நீதிபதி தத்தும் அந்த நீக்கத்தை ரத்து செய்தார்கள். எல்லோரும் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நிற்பதே மரியாதை, கருத்துரிமையில் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். சின்னப்ப ரெட்டி ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.

நாம் குடியேறியிருக்கும் இந்த நாடும் இதே பாதையில் இடறி எழுந்ததுதான். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகள் கொடி வணக்கம் செய்தே தீரவேண்டும் என்றது. மூன்றே ஆண்டில், 1943-இல், அதை அதுவே திருத்திக்கொண்டது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம்! பிள்ளைகள் ஊருக்குப் பிள்ளைகள் கடல் கடந்து செத்துக்கொண்டிருந்தபோது, கொடியை வணங்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சொல்ல அந்த நீதிபதிகளுக்கு நெஞ்சுரம் இருந்தது. நம் பேரப்பிள்ளைகள் காலையில் பள்ளியில் உறுதிமொழி சொல்லாமல் இருந்தாலும் அவர்களைத் தண்டிக்க முடியாமல் இருப்பது அந்தத் தீர்ப்பால்தான்.

சட்டம் வேண்டாமா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்தைப் பெரியார் அறிவித்தபோது 1957-இல் சென்னை மாநிலம் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது, 3 ஆண்டு வரை சிறை என்று. பலர் தெரிந்தே எரித்துச் சிறை போனார்கள். 1971-இல் மத்திய அரசும் அதேபோல் ஒரு சட்டம் இயற்றியது. கொடியைக் கொளுத்துவதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் அந்தச் சட்டமேகூட நாட்டுப்பாடலைப் பாடவிடாமல் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் கலவரம் செய்பவரையும்தான் தண்டிக்கிறது. உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அதைப் பார்த்தால், நம் விழாவில் பாட்டுக்கு இடையூறு செய்தவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. தோளைப் பிடித்தவர் என் நெடுநாள் நண்பர்.

கொடியையும் பாடலையும் மதிப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் எப்போது எழுதினார்கள் தெரியுமா? 42-ஆவது திருத்தத்தில், 1976-இல். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. காரணமின்றிக் கைதானவர் நீதிமன்றம் போகவும் வழியில்லை என்று அந்த ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் கைவிரித்திருந்தது. கடமைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல வாசகங்கள்தாம். ஆனால் உரிமைகளைப் பூட்டி வைத்திருந்த கையே கடமைகளை எழுதிக் கொடுத்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அரசாங்கத்தின் மனமும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒரு காலத்தில் சாதாரணக் குடிமகன் சில நாட்கள் தவிர மற்ற நாட்களில் தன் வீட்டில் தேசியக் கொடியே ஏற்றக்கூடாது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய தொழிலதிபர் நவீன் ஜிந்தால் தம் ஆலையில் ஏற்றினார், அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் நீதிமன்றம் போய்ப் போராடி, 2004-இல் உச்ச நீதிமன்றம் அது குடிமகனின் கருத்துரிமை என்றது. 2022-இல் அதே அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னது. கையால் நூற்ற துணியில்தான் கொடி என்ற விதியும் அதற்கு முந்தைய டிசம்பரில் தளர்ந்து பாலியஸ்டருக்கும் இடம் கிடைத்தது. ஏற்றாதே என்றாலும் அரசாங்கம், ஏற்று என்றாலும் அரசாங்கம்.

2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், திரையரங்குகளில் படம் தொடங்குமுன் நாட்டுப்பாடல் போடவேண்டும், எல்லோரும் நிற்கவேண்டும் என்று உத்தரவிட்டது. இரண்டு மாதம் கழித்து நான் ஊருக்குப் போயிருந்தேன். சங்கராந்திக்கு உறவினர் ஒருவர் திருப்பதியில் படத்துக்கு அழைத்துப் போனார். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு முதியவர், காலில் கட்டு. பாட்டு ஆரம்பித்ததும் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. பின்னாலிருந்து இளைஞர்கள் "லேவய்யா! லேவய்யா!" என்று கத்தினார்கள். உடல் ஊனமுற்றவர்களுக்கு விலக்கு உண்டு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. கத்தியவர்கள் அதைப் படித்திருக்கவா போகிறார்கள்? பக்கத்தில் இருந்த அவர் பேத்தி இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். பாட்டு முடியும்வரை அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். மேலிருந்து ஓர் ஆணை வந்துவிட்டால் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவனும் போலீஸ்காரன் ஆகிவிடுகிறான். 1966-இல் எனக்குப் பதினான்கு வயது. நானும் அப்படித்தான் ஆனேன்.

மறுநாள் திருமலைக்குப் போனோம். தர்ம தரிசன வரிசையில் கைக்குழந்தையோடு பெண்கள், தடியூன்றிய கிழவர்கள், மொட்டையடித்த பிள்ளைகள் மணிக்கணக்காய் நின்றார்கள். நிற்கச் சொல்லி அங்கே யாரும் கட்டளையிடவில்லை. கால் வலித்தவர் உட்கார்ந்தார், பிறகு எழுந்தார். உட்கார்ந்தவரைப் பக்தி இல்லாதவர் என்று யாரும் சொல்லவில்லை.

2018 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவை மாற்றி, திரையரங்கில் பாடல் கட்டாயமில்லை என்றது.

இவ்வளவு சொன்னவனுக்கு ஒரு சங்கடமும் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டமோ ஆணையோ இல்லை என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அதே மாதம் 17-ஆம் தேதி தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்கவேண்டும் என்று ஆணையிட்டபோது கைதட்டினேன். எல்லை தாண்டி வளர்ந்த தமிழனுக்கு அந்த 55 விநாடி என்னவென்று மற்றவர்களுக்குப் புரியாது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. டெல்லி ஆணையிட்டால் அடக்குமுறை, சென்னை ஆணையிட்டால் தமிழ்ப் பற்றா? என் தாய்மொழிக்கு நான் வேண்டும் சலுகையை என் கொள்கையில் எழுதிக்கொள்ள முடியாது.

தீர்மானம் கொண்டுவரும் நண்பர்களின் மனம் எனக்குத் தெரியும். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இந்த மூன்று பாட்டும்தான் மிச்சம், இதையும் பிள்ளைகள் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. என் பேரனுக்குத் தமிழ் தடுமாறுகிறது. ஆனால் அரங்கை விட்டு வெளியேற்றிய பிள்ளைக்கு எந்தப் பாட்டைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்? ஓராண்டு வராத குடும்பம் மறுபடி வருமா? ஏன் எழவில்லை என்று இன்றுவரை அந்தப் பையனிடம் நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. சித்தூரிலாவது அடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்கள்.

பொதுக்குழுவில் நான் தீர்மானத்தை எதிர்த்து வாக்களிப்பேன். சித்திரை விழாவுக்கு அந்தக் குடும்பத்தை அழைக்க நானே நேரில் போகிறேன். ஒலிபெருக்கி ஏற்பாட்டுக்கு வேறு இந்த ஆண்டு ஆள் இல்லை. அந்தப் பையன் அதில் கெட்டிக்காரன் என்கிறார்கள்.